இணையம் ஏன் இவ்வளவு விரைவாக மாறிக்கொண்டே இருக்கிறது?

இராமேசுவரம் பக்கம் பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினிகளைப் பொதுவான விதிகளின்படி இணைக்கும் வலையமைப்பு. அந்த விதிகளின் அடித்தளம் 1983 முதல் பெரிதாக மாறவில்லை. மாறுவது, ஒரு நொடியில் அதன் வழியே செல்லும் தகவலின் அளவும், அந்த அளவை நம்பிப் பிறக்கும் சேவைகளுமே.

பாம்பனை நினைத்துப் பாருங்கள். 1914இல் ரயில் பாலம் வந்தபோது ரயில் மட்டுமே கடலைக் கடந்தது; 1988இல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் பேருந்தும், ஐஸ் பெட்டிகளில் மீன் ஏற்றிய லாரியும் கடந்தன. வழி அகன்றதும் அதில் செல்லும் வண்டிகளும் மாறின. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் வந்தபோது தொலைபேசிக் கம்பி வழியே எழுத்துகள் மெதுவாக வந்தன; 2016இல் 4ஜி டேட்டாவின் விலை சரிந்ததும் காணொளி எல்லோர் கைக்கும் வந்தது, அதே ஆண்டில் அறிமுகமான யுபிஐ இன்று மீன் கடை வரை வந்துவிட்டது. ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கணிக்கும் அலை உயரத்தைக் கடலுக்குப் போகுமுன் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். இந்த மாற்றங்களுள் உயிர் காப்பது என்பதால் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

5ஜி வந்தால் நடுக்கடலிலும் இணைப்புக் கிடைக்கும் என்று பலர் நம்புவது தவறு: சிக்னல் கரையிலுள்ள கோபுரத்திலிருந்தே வருகிறது, 5ஜி பெரும்பாலும் பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகள் குறைந்த தூரமே செல்லும், ஆகவே ஆழ்கடலில் படகுக்கு வயர்லெஸ் கருவியோ செயற்கைக்கோள் கருவியோ இன்றும் தேவை.