கட்-ஆஃபைத் தாண்டிவிட்டாள், ஆனால் போகமாட்டேன் என்கிறாள்

வணக்கம் மேடம்,

நாங்கள் சிகாகோவில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள். ஏழாம் வகுப்பு கிரேடுக்கு 450, நுழைவுத் தேர்வுக்கு 450 என்று 900 புள்ளிக்குப் பார்த்து எடுக்கும் செலக்டிவ் என்ரோல்மென்ட் ஹைஸ்கூல் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வசதியைப் பார்த்து ஊரை நாலு டயராகப் பிரித்திருக்கிறார்கள், எங்கள் ஏரியா வசதி மிகுந்த டயர் 4, கட்-ஆஃப் அதிகம். மூன்றே புள்ளியில் தாண்டினாள். இவளோ, வீட்டுப் பக்கத்தில் குலுக்கலில் கிடைத்த சார்ட்டர் பள்ளிக்குத்தான் (அரசுப் பணத்தில், உரிமம் வாங்கித் தனி அமைப்பு நடத்துவது) போவேன் என்கிறாள். "சீட்டுக் குலுக்கி எடுக்கிறதெல்லாம் ஒரு ஸ்கூலா? மெரிட்டில் கிடைச்சதை யாராவது விடுவாங்களா?" என்று இவள் அப்பா தினமும் கத்துகிறார். பத்தாவதில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவர், அதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர். போன வாரம் ராத்திரி என்னிடம் மட்டும், "அம்மா, அங்கே நான்தான் கடைசியா இருப்பேன்" என்று அழுதாள். பதில் சொல்ல நாலு நாள்தான் இருக்கிறது. நான் யார் பக்கம் நிற்பது?

சகோதரிக்கு,

முதலில் அந்தக் குலுக்கல் விஷயம். இரண்டுமே கட்டணமில்லாத பொதுப் பள்ளிகள். சார்ட்டரில் நுழைவுத் தேர்வு கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்குகிறார்கள், அவ்வளவுதான். உள்ளே பாடம் எப்படி என்பதற்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஊரில் ஏதாவது ஒரு துறைக்குத் தனி முக்கியத்துவம் தரும், மேக்னட் என்று பெயர் வைத்த தொடக்கப் பள்ளிகள் பலவும் குலுக்கலில்தானே எடுக்கின்றன!

மூன்று புள்ளியை உங்கள் வீட்டில் ரொம்பப் பெரிதாக்கிவிட்டீர்கள். பாஸ்டன், நியூயார்க் தேர்வுப் பள்ளிகளை வைத்து 2014-ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வில், கட்-ஆஃபை மயிரிழையில் தாண்டியவர்களுக்கும் மயிரிழையில் தவறவிட்டவர்களுக்கும் பிற்பாடு தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் விட்டால் எதிர்காலமே போச்சு என்பதும் இல்லை, போனால் கரையேறிவிடுவாள் என்பதும் இல்லை.

மகளின் பயத்துக்கும் காரணம் உண்டு. ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருக்கிற பிள்ளைதான் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறது என்று ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலேயே காட்டினார். உங்கள் பெண் அங்கே போகும் முன்பே அதைக் கணக்குப் போட்டுவிட்டாள். ஆனால் பயத்துக்காக மட்டும் சார்ட்டருக்குப் போனால் எனக்குச் சம்மதமில்லை, நாளைக்குக் காலேஜிலும் இதே பயம் வந்து நிற்கும். அங்கே பிடித்தது ஏதாவது இருக்கிறதா, நாடகமோ ரோபாட்டிக்ஸோ தோழிகளோ, பத்து நிமிடத்தில் வீடு வந்து சேரலாம் என்பதோ? இருந்தால் அதுவும் நியாயமான காரணம்தான். நாளைக்கே இரண்டு பள்ளிக்கும் போன் போட்டு, வகுப்பு நடக்கும் நேரத்தில் அவளைக் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா என்று கேளுங்கள். சார்ட்டரில் காலேஜ் தரத்துக் கணக்குப் பாடமான ஏ.பி. கால்குலஸ் உண்டா, ஆசிரியர்கள் எத்தனை வருடம் நிலைக்கிறார்கள், உரிமம் எப்போது புதுப்பிக்கப்படும் என்றும் கேளுங்கள். உரிமம் போனால் பள்ளியே மூடப்படலாம்.

நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவர் காலேஜ் முதல் செமஸ்டரில் எத்தனாவது வந்தார்? அந்தக் கதை மகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி அவரையே சொல்லச் சொல்லுங்கள், கட்-ஆஃப் பேச்சே எடுக்காமல்.