கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட கிட்டார்

இந்த முறை வந்த கடிதங்களில் கிட்டார் ஆம்ப் பற்றியவைதான் நிறைய. அதிலும் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப். பெயர் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய வால்வு ஆம்ப், அதன் ஸ்பீக்கர், அதற்கு எதிரே வைக்கும் மைக் எல்லாம் சேர்ந்து தரும் ஒலியை, உள்ளே ஒரு சிப் கணக்குப் போட்டு உருவாக்கித் தரும் பெட்டி இது. 1990களில் வெளிநாட்டில் வந்தது, இப்போது பாலக்கோடு, அரூர் ஆர்கெஸ்ட்ரா மேடைகள் வரை வந்துவிட்டது. தர்மபுரியில் 22 வருடமாக சவுண்ட் சர்வீஸ்காரர்களோடும் சால்டரிங் அயர்னோடும் இருக்கிறேன். பழுது என்று என்னிடம் வந்த இந்தப் பெட்டிகளில் பலவற்றை ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் பணம் செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அண்ணா, கோயில் திருவிழாவில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா. ஆம்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து மிக்சருக்கு ஒயர் கொடுத்தோம். வெளியே கிட்டாரே கேட்கவில்லை. எக்கோ மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. வீட்டில் அதே பெட்டி அருமையாகப் பாடுகிறது. கடையில் காட்டினால் போர்டு மாற்ற வேண்டும், 4,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா? — பாலக்கோடு வாசகர்

மாற்றாதீர்கள் தம்பி. போர்டு நன்றாக இருக்கிறது. எக்கோ வந்தது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும்.

நீங்கள் கொடுத்த ஒயரை எடுத்து ஜாக்கைப் பாருங்கள். உலோகத் தண்டில் கறுப்பு வளையம் எத்தனை? ஒன்று என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ. உங்கள் ஒயரில் இரண்டு முனையிலும் இரண்டு வளையம் இருக்கும் என்று இங்கே உட்கார்ந்தே சொல்கிறேன்.

ஹெட்போன் ஓட்டையில் ஜாக்கின் நுனியில் இடது காதுக்கான ஒலி வருகிறது, நடு வளையத்தில் வலது காதுக்கானது. ஆனால் மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட் அதை இரண்டு காதாகப் பார்ப்பதில்லை. நுனியில் இருப்பதிலிருந்து வளையத்தில் இருப்பதைக் கழித்து, மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. நீளமான ஒயரில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும், கழித்தால் போய்விடும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. உங்கள் விஷயத்தில் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி இருந்தது கிட்டார். அது கழிந்துவிட்டது. எக்கோ தரும் ரிவெர்பும் டிலேயும் இடத்துக்கும் வலத்துக்கும் கொஞ்சம் வேறுபடும், அதனால் அவை மட்டும் மிஞ்சின. கிணறு அதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. காரிமங்கலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். சோலோ வரும் இடத்தில் கிட்டார்காரர் கண்ணை மூடி வாசிக்கிறார், மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து அதே ஒயரை வைத்து விடியும் வரை சோதித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

வழி சுலபம். ஒரு முனையில் ஒரு ஸ்டீரியோ ஜாக், மறு முனையில் இரண்டு மோனோ ஜாக் உள்ள ஒயர் வாங்குங்கள், அல்லது ஈயம் வைத்துச் செய்துகொள்ளுங்கள். நுனி ஒன்றுக்கு, வளையம் இன்னொன்றுக்கு, கிரவுண்டு இரண்டுக்கும் பொது. மிக்சரில் லைன் இன்புட்டில் இரண்டு சேனல் எடுத்து ஒன்றை முழு இடம், ஒன்றை முழு வலம் என்று பான் செய்யுங்கள். சவுண்ட் செட்காரர் ஒரு சேனல்தான் தருவேன் என்றால் ஒன்றே போதும், முழு கிட்டாரும் வரும். மோனோ ஒயரை நேராக ஹெட்போன் ஓட்டையில் செருகினாலும் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் ஒரு பக்கம் கிரவுண்டோடு ஷார்ட் ஆகிறது. எல்லாப் பெட்டியும் அதைத் தாங்கும் என்று நம்பி நான் செய்ய மாட்டேன்.

இன்னொன்றும் கேளுங்கள், இது அடுத்த திருவிழாவுக்கு. வீட்டில் சின்னச் சத்தத்தில் செட் செய்த டோன் மேடையில் நிற்காது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடி பேஸும் உச்ச ட்ரெபிளும் சரியாக எட்டாது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து எழுதிவைத்தார்கள். எட்டாததை எட்டவைக்க வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடுகிறோம். மேடையில் அதே செட்டிங் கீழே கும்மென்றும் மேலே தகரமாகவும் கேட்கும், நடுவில் கிட்டார் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். தவிலும் கீபோர்டும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மேடைக்குத் தனியாக ஒரு பேட்ச், அதாவது ஒரு செட்டிங் தொகுப்பு, சேமித்துவையுங்கள்: மிட் கூட, பேஸ் குறைய, கெயின் வீட்டில் வைப்பதில் முக்கால்வாசி, ரிவெர்ப் பாதி. மதியம் சவுண்ட் செக் நடக்கும்போது நீளமான ஒயர் போட்டு மேடையை விட்டு இறங்கி, ஜனம் உட்காரும் இடத்தில் நின்று வாசித்துப் பார்த்துச் சேமியுங்கள். பெட்டி தரையில், உங்கள் முழங்காலுக்கு நேராக இருந்தால், உங்கள் காதுக்கு வருவது வேறு, முன்னால் இருப்பவருக்குப் போவது வேறு.

லைட் எரிகிறது, ட்யூனரில் நோட்டும் காட்டுகிறது. ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் இல்லை. — பென்னாகரம் வாசகர்

ட்யூனர் நோட்டைக் காட்டுகிறது என்றால் கிட்டார், ஒயர், இன்புட் மூன்றும் நன்றாக இருக்கின்றன. முதலில் ட்யூனரை அணையுங்கள். ட்யூன் செய்யும்போது வெளியே கேட்காமல் இருக்க, பல பெட்டிகள் சத்தத்தை நிறுத்திவைக்கும்.

அப்புறம் ஹெட்போன் ஓட்டையைப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்தே ஒரு பையன் 12 கிலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். அவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பார்த்துவிட்டேன். ஹெட்போனின் சின்னப் பின்னைப் பெரிதாக்கும் அடாப்டர், ஹெட்போனைப் பிடுங்கும்போது வராமல் ஓட்டைக்குள்ளேயே தங்கியிருந்தது. பெட்டியும் கறுப்பு, அடாப்டரும் கறுப்பு. ஜாக் உள்ளே இருக்கும் வரை ஸ்பீக்கர் பேசாது. பிடுங்கினேன், பேசியது. அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதுவும் இல்லை என்றால், பின்னால் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது வெளி எஃபெக்ட் பெட்டியை இணைக்கும் இடம், இருக்கிறதா பாருங்கள். சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டைகள். இரண்டையும் ஒரு சின்ன ஒயரால் இணையுங்கள். சத்தம் வந்துவிட்டால் ரிட்டர்ன் ஓட்டைக்குள் இருக்கும் காண்டாக்ட் அழுக்கு. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைத் தூசியில் இருக்கும் பெட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கரண்டை எடுத்துவிட்டு காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, ஜாக்கைப் பத்து முறை உள்ளே வெளியே இழுங்கள், போதும்.

லேப்டாப்பில் யுஎஸ்பி போட்டால் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்டேட் செய்ய முடியவில்லை. — ஊத்தங்கரை வாசகர்

ஒயரை மாற்றுங்கள். சாதாரண யுஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும், இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சார்ஜ் செய்ய மட்டும் என்று வரும் மலிவு ஒயர்களில் டேட்டாக் கம்பியே கிடையாது. பிரிண்டர் ஒயர் வீட்டில் இருந்து, முனையும் பொருந்தினால், அதைப் போட்டுப் பாருங்கள். அப்டேட்டுக்கு முன் உங்கள் பேட்ச்களை லேப்டாப்பில் சேமித்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் அப்டேட் பக்கமே போகாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆம்ப் அணைந்துவிடும், அப்போதுதான் உண்மையிலேயே போர்டு போகும்.

புளூடூத் ஹெட்போனில் கேட்டு வாசிக்கலாமா? — அரூர் வாசகர்

வேண்டாம். சாதாரண புளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்காவது தாமதமாக வரும். அந்த நேரத்தில் காற்றில் ஒலி 34 மீட்டர் போய்விடும். அதாவது தெருக்கோடியில் இருக்கும் பெட்டியைக் கேட்டுக்கொண்டு இங்கே தாளம் போடுவது மாதிரி. ஒயர் ஹெட்போனே நல்லது. போனிலிருந்து பாட்டைப் பெட்டிக்கு அனுப்பி, கூடவே வாசிக்க மட்டும் புளூடூத் போதும்.

மகனுக்கு கிட்டாரும் மாடலிங் ஆம்பும் வாங்கிக் கொடுத்தேன். ஓயாமல் கொர்ர் என்று இரைகிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. நேற்று மைக்கில் பாட வாயை வைத்தவன் உதட்டில் சுள்ளென்றது என்றான். பயமாக இருக்கிறது. — ஓசூர் வாசகி

அம்மா, இரைச்சலை அப்புறம் பார்ப்போம், சுள்ளென்றதை முதலில் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யும் வரை மகன் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பாட வேண்டாம். கிட்டார் கம்பிகள் ஆம்பின் கிரவுண்டோடு சேர்ந்தவை, மைக்கின் உடம்பு மிக்சரின் கிரவுண்டோடு. இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் இருந்தால், கையிலிருந்து உதடு வரை உங்கள் பையன்தான் ஒயர்.

பிளக்கைப் பாருங்கள். மூன்று பின்னில் பெரிய பின், அதாவது எர்த் பின், உடைந்திருக்கிறதா? இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அதை மாற்றுங்கள். இரைச்சல் குறையும் என்று யாராவது எர்த் பின்னை வெட்டச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அடுத்தது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்து கட்டாந்தரையாகிவிடும். எங்கள் வீட்டுக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச், இல்லை என்றால், அந்த ஆம்புக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதியிலேயே அதைப் போட்டுவிடலாம்.

ஆம்பையும் மிக்சரையும் ஒரே எர்த் பாயிண்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுங்கள். எலக்ட்ரீஷியன் சரி என்று சொன்ன பிறகு இரைச்சலுக்கு வாருங்கள். ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை வாசிக்கச் சொல்லுங்கள், அது 98 ஹெர்ட்ஸ். இரைச்சலும் கிட்டத்தட்ட அதே சுருதியில் இருந்தால் அது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரட்டிப்பு, பெட்டியின் கோளாறு இல்லை. எல்இடி லைட், போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மகனை கிட்டாரோடு மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு திசையில் இரைச்சல் நன்றாகக் குறையும். நாற்காலியை அந்தத் திசைக்குத் திருப்பிப் போடுங்கள்.