மாக்னா கார்ட்டாவைக் காட்டினால் கவுன்சில் டாக்ஸ் கட்ட வேண்டாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி மன்றம் வசூலிக்கும் வீட்டு வரி) பாக்கிக்காக மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. நாடாளுமன்றச் சட்டம் நாம் சம்மதித்தால்தான் நம்மைக் கட்டுப்படுத்துமாம். மாக்னா கார்ட்டாவின் 61ஆம் பிரிவைச் சொல்லிக் கடிதம் அனுப்பினால் கட்ட வேண்டியதில்லையாம். நண்பர் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். விசாரணைத் தேதிக்குள் செய்ய வேண்டிய உருப்படியான வேலைகள் வேறு இருக்கின்றன.

61ஆம் பிரிவு 1215 ஜூனில் இங்கிலாந்தின் ஜான் மன்னர் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா சாசனத்தில் இருந்தது உண்மைதான். மன்னர் வாக்குத் தவறினால் அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றும் பொறுப்பை அது 25 பிரபுக்களிடம் கொடுத்தது. மற்றவர்கள் அவர்களுக்குத் துணை நிற்கலாம், அவ்வளவே. தனிநபர் வரி கட்ட மறுப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னொசென்ட் சாசனத்தையே ரத்து செய்தார். 1216இல் மறுபடி வெளியிட்டபோது இந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அதன்பின் எந்தப் பதிப்பிலும் அது இல்லை. இன்று நடைமுறையில் இருப்பது 1297ஆம் ஆண்டுப் பதிப்பு. அதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரிவுகளே மிச்சம்.

சம்மத வாதமும் நிற்காது. பொதுச் சட்டம்தான் (நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான காமன் லா) உண்மையான சட்டம், நாடாளுமன்றச் சட்டம் வெறும் ஒப்பந்தம் என்பார்கள். ஆனால் நாடாளுமன்றச் சட்டமே மேலானது என்று சொல்வது அந்தப் பொதுச் சட்டம்தான். 1974இல் பிக்கின் வழக்கில், நாடாளுமன்றத்தை ஏமாற்றி ஒரு ரயில்வே சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார்கள் என்று ஒருவர் வாதிட்டார். அதை விசாரிக்கும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லை என்றது அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை. மோசடிப் புகாருக்கே அந்தக் கதி என்றால், ‘நான் சம்மதிக்கவில்லை’ என்பது எப்படி எடுபடும்? கவுன்சில் டாக்ஸ் பொறுப்பு 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்திலிருந்து வருகிறது. வீட்டில் குடியிருப்பதே போதும். ஒப்பந்தமோ கையெழுத்தோ தேவையில்லை. பெயரை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (capital letters) அச்சடித்தால் அது வேறு ஆள் என்ற வாதத்தையும் கனடாவில் 2012இல் மீட்ஸ் வழக்குத் தீர்ப்பு விரிவாக அலசித் தள்ளிவிட்டது.

விசாரணையில் பார்ப்பதெல்லாம் வரி முறையாக விதிக்கப்பட்டதா, முறையாகக் கேட்கப்பட்டதா, கட்டப்பட்டதா என்பதைத்தான். உங்கள் கடிதம் இதில் எதையும் தொடாது. லயபிலிட்டி ஆர்டர் (பாக்கியை நீங்கள் கட்டியாக வேண்டும் என்ற கோர்ட் உத்தரவு) போடுவார்கள், கோர்ட் செலவு சேரும், பிறகு சம்பளப் பிடித்தம் அல்லது பெய்லிஃப் (பாக்கிக்காகப் பொருட்களைப் பறிமுதல் செய்பவர்கள்), அவர்கள் கட்டணம் தனி. வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரை இங்கிலாந்தில் 3 மாதம் வரை சிறைக்கு அனுப்ப முடியும். அந்தக் கட்டத்தில் இந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடலாம். என் பெரிய கவலை இதுதான்.

இனி செய்ய வேண்டியது. சம்மன் கொடுத்த நாளுக்கும் விசாரணைக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள், பில்லோ நினைவூட்டலோ அனுப்பப்படவில்லை என்றால் அவை கோர்ட்டில் எடுபடும் காரணங்கள். வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் போங்கள். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டுமே என்றால் 25% தள்ளுபடி உண்டு. எல்லோருமே முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. வருமானம் குறைவென்றால் கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷனுக்கு விண்ணப்பியுங்கள். அதிலும் அடங்காத கஷ்டத்துக்கு அதே 1992 சட்டத்தின் 13ஏ பிரிவின் கீழ் கவுன்சில் தன் விருப்பப்படி குறைக்கலாம். இந்தச் சலுகைகளை மறுத்தாலோ, அந்தக் காலத்தில் நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை என்பதை ஏற்காவிட்டாலோ மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டுப் பயனில்லை. முதலில் கவுன்சிலுக்கு எழுதுங்கள். முடிவு பாதகமாக வந்தால் 2 மாதத்துக்குள் வேல்யுவேஷன் டிரைபியூனலுக்கு (கவுன்சில் டாக்ஸ் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) போகலாம்.

கடன் உண்மைதான், ஆனால் மொத்தமாகக் கட்ட முடியவில்லை என்றால், இன்றே கவுன்சிலைக் கூப்பிட்டு மாதத் தவணை கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் கவுன்சில் லயபிலிட்டி ஆர்டர் வாங்கக்கூடும்; தவணை தவறாதவரை பெய்லிஃபுக்கு அனுப்பமாட்டோம் என்ற வரி அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.