எண்பது வயதைக் கடந்தும் ஸ்விங் வாசிக்க முடியுமா?

ஸ்விங் என்பது ஜாஸில் துள்ளலான ஒரு பாணியாயிற்றே, எண்பதைக் கடந்தவர் அதை மேடையில் எப்படி வாசிப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சு வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியை வைத்தே விளக்கலாம். 1908இல் பாரிஸில் பிறந்த அவர், கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுடன் 1934இல் தொடங்கிய குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஒரு வயலின், மூன்று கிட்டார், ஒரு பாஸ் (கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பெரிய நரம்பு வாத்தியம்), அவ்வளவுதான். தாளத்தின் உந்துதலைக் கிட்டார்களே ‘சக், சக்’ என்று வெட்டித் தந்ததால், வயலின் அதன்மேல் மிதந்து செல்ல இடம் கிடைத்தது.

ஸ்விங்கின் துள்ளல் உடல் வலுவில் இல்லை. தாளத்தின் ஒரு தட்டை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் பாதியைச் சற்று நீட்டி, அடுத்ததைக் குறுக்கி, எதிர்பாராத இடத்தில் அழுத்தம் கொடுப்பதில்தான் இருக்கிறது. கிராப்பெல்லியின் வில் நரம்பை அழுத்தாமல் வருடிச் செல்லும். வேகமான பாட்டிலும் அவரிடம் அவசரம் தெரியாது. இந்தச் சிக்கனம் முதுமையில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது என்பது என் கணிப்பு.

ரெய்ன்ஹார்ட் 1953இல் மறைந்த பிறகும் அவர் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாசித்தார். 1980களில் நம் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்துடன் இணைந்து ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். (கர்நாடக இசை ரசிகர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.) கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேடையேறினார். 1997 டிசம்பரில் அவர் காலமானபோது, தொண்ணூறு நிறைய இரண்டு மாதம்கூட இல்லை.