மியான்மரின் பௌத்த பிக்குகள் 2007இல் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தது ஏன்?

அது வெறும் அடையாளம் அல்ல, தண்டனை. பிக்குவுக்குச் சோறிடுவது இல்லறத்தார் புண்ணியம் தேடும் அன்றாட வழி. பிக்குகளின் அமைப்பான சங்கத்துக்குத் தீங்கு செய்தவரிடம் எதையும் ஏற்பதில்லை என்று பிக்குகள் கூடித் தீர்மானித்தால் அந்த வழி அடைபடும். மன்னிப்புக் கேட்டுத் திருந்தினால்தான் திறக்கும். பிக்குகளுக்கான ஒழுக்க நெறியான வினய விதியிலேயே இதற்கு இடமுண்டு.

எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து பக்கோக்கு நகரில் ஊர்வலம் போன பிக்குகளைச் செப்டம்பர் 5 அன்று படையினர் அடித்தார்கள். 17ஆம் தேதிவரை கெடு கொடுத்தும் ராணுவ ஆட்சி மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து யாங்கோன் தெருக்களில் பிக்குகள் அணிவகுத்தார்கள். சிலர் கையில் அந்தக் கறுப்புப் பாத்திரம், வாய் கீழாக. பகோடா என்னும் பௌத்தக் கோயில்களைக் கட்டிப் புண்ணியம் காட்டிய தளபதிகளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஆனால் சங்கத்தின் உயர்குழு அரசின் பிடியில் இருந்தது. மேலிடத்து ஆதரவு வரவில்லை. 26ஆம் தேதி அடக்குமுறை தொடங்கியது. நள்ளிரவில் மடங்களுக்குள் படை புகுந்தது.