சென்னையை விட்டுக் கிளம்பும் முன் கடலோடு ஆறு வாரம்

கேள்வி: கணவரின் வேலைக்காகக் கோவையிலிருந்து வந்து இரண்டு வருடமாக வேளச்சேரியில் இருக்கிறோம். மே கடைசியில் குருகிராமுக்கு மாற்றல். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான் கடற்கரைக்குப் போவோம், அதுவும் ஞாயிறு மாலைக் கூட்டத்தில். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வயது பத்து, ஆறு. கடலில் குளிக்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: ஆறு வாரம் தாராளம். கடைசி வாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கேஸ் இணைப்பு, பள்ளி டிசி, சாமான் கட்டுவது என்று அது போய்விடும்.

மெரினா, நீலாங்கரை, மாமல்லபுரம் என்று பட்டியல் போட்டு ஓட வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை. ஒரே கரைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். உங்களுக்குப் பெசன்ட் நகரோ திருவான்மியூரோ பக்கம். நேற்றைக்கு அலை எதுவரை வந்தது, இன்று மணல் எங்கே சரிந்திருக்கிறது என்பதெல்லாம் நாலாவது தடவை போகும்போதுதான் பிள்ளைகள் கண்ணில் படும். கடல் பழகுவது அப்படித்தான்.

நேரம் விடியற்காலை. நம் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் தண்ணீரிலிருந்தே எழும். இந்த மாதங்களில் ஆறு மணிக்குள் உதித்துவிடும். ஐந்தரைக்கு அங்கே இருந்தால் சரி. பெசன்ட் நகரில் ஊரூர் குப்பம் பக்கம் நடந்தால் ஃபைபர் படகுகள் கரையேறுவதைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். இந்தச் சின்னப் படகுகள் கடலுக்குப் போகும். வலையிலிருந்து மீனை எடுப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பேச்சுக் கொடுத்தால் இன்றைக்குக் காற்று எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அவர்களே சொல்வார்கள். ஏழரைக்கு மேல் வெயில் சுடும், கிளம்பிவிடலாம்.

மாலையில் போவதென்றால் சித்ரா பௌர்ணமியன்று போங்கள். சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி முழு நிலா கடலிலிருந்து மேலே வரும். சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் அன்றைக்கு.

இனி குளிப்பது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் குளிக்கவே வேண்டாம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் கரையில் நாலு எட்டு வைப்பதற்குள் ஆழம் சட்டென்று இறங்கிவிடும். திரும்பும் அலை காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்குவது பெரிய ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குள் திரும்புகிறது. யாராவது அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, தெம்பு தீர்ந்துவிடும். மிதந்தபடியே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ காலி கேனோ வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

பெசன்ட் நகர் மணலில் நிற்கும் வெள்ளை வளைவை எல்லோரும் படமெடுக்கிறார்கள். 1930இல், மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச்சின்னம் அது. பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்றும் உண்டு. இங்கே காற்றே இல்லாதபோதும் எங்கோ தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலைகள் வந்து மோதும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இதனால்தான். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், செய்திகளிலும் வரும். எச்சரிக்கை இருக்கும் நாளில் உலர்ந்த மணலோடு நின்றுவிடுங்கள்.

மற்ற நாட்களில் சின்னவருக்குக் கணுக்கால், பெரியவருக்கு முழங்கால், அதற்குமேல் தண்ணீர் வேண்டாம். பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள், கையைப் பிடித்தபடி. கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள்.

உடம்பு முழுக்க நனைந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு நாள் மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள கோவளம் போங்கள். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கடற்கரை. குளிக்கத் தனியாக எல்லை குறித்து உயிர்காப்பாளர்களை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் மட்டும், அவர்கள் இன்று வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். அங்கே அலைச்சறுக்குப் பள்ளிகளும் உண்டு. பெரியவருக்குப் பிடிக்கலாம்.

உங்கள் முதல் வாரத்திலேயே பெசன்ட் நகர் ஆமைக்குஞ்சு பொரிப்பகத்தில் விசாரியுங்கள். பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் இட்ட முட்டைகள் பொரிந்து குஞ்சுகளைக் கடலில் விடும் பருவம் முடிகிற நேரம் இது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும், அதனால் போன் விளக்கை அணைத்துவிட வேண்டும். நான் சொன்ன எல்லாவற்றிலும் இதைத்தான் தவறவிடாதீர்கள்.

கடைசித் தடவைதானே, இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம் என்று தோன்றும். பெரியவர்களுக்கே தோன்றும். அதனால் இதுதான் கடைசி என்று பிள்ளைகளிடம் அறிவிக்காமல், கிளம்புவதற்கு முந்தைய வாரமே வழக்கம்போல் ஒரு விடியற்காலையில் முடித்துக்கொள்ளுங்கள். சிப்பி எடுத்துப் போவதென்றால் உள்ளே உயிர் இல்லாத உடைசல்களாக நாலைந்து போதும். நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வெயிலில் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் குருகிராம் போவதற்குள் துணியெல்லாம் நாறிவிடும்.