சூழலில் மெதுவாக நடக்கும் மாற்றங்களைச் சூழலியல் ஏன் கவனிக்கிறது?

ஓர் இடத்தில் வாழும் உயிரினங்கள் படிப்படியாக மாறி, அங்கே வேறொரு சமுதாயம் உருவாவதை ‘வழிமுறை வளர்ச்சி’ என்பார்கள். முதலில் வரும் உயிர்களே மண்ணையும் நிழலையும் ஈரத்தையும் மாற்றி, அடுத்து வருபவற்றுக்கு வழிவிடுகின்றன. இட்லி மாவிலும் இதே கதைதான்: முதலில் பெருகும் பாக்டீரியா மாவைப் புளிக்க வைக்கும், பிறகு அந்தப் புளிப்பைத் தாங்கும் வேறு வகையின் கை ஓங்கும்.

இதை ஆரம்பத்திலிருந்தே பார்க்க வாய்த்த அருமையான இடம், ஐஸ்லாந்தை ஒட்டிய சர்ட்சி தீவு. 1963 நவம்பரில் கடலடி எரிமலையால் எழுந்தது. 1967 ஜூனில் வெடிப்பு ஓய்ந்தது. 1965-லேயே கடற்கரையில் முதல் செடி முளைத்துவிட்டது. ஆனால் எரிமலை மணலில் நைட்ரஜன் மிகக் குறைவு; அதனால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செடிகள் திணறின. 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. அவற்றின் எச்சமே உரம். கூடுகள் இருந்த பகுதி பசும்புல் தரையானது. மற்ற இடங்களில் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஆண்டுக்காண்டு அளந்ததால்தான் இது தெரியவந்தது.

இதைப் பரிணாமம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இங்கே எந்த இனமும் வேறு இனமாக மாறவில்லை, அந்த இடத்தில் குடியிருப்பவைதான் மாறுகின்றன.